நாய்க்குப் பூசிய கந்தகம்

நாயை ரயிலிலும் படகிலும் ஏற்றி ஊருக்குக் கூட்டிப்போவது எப்படி என்று யாருக்காவது தெரியவேண்டுமானால் என்னைக் கேட்கலாம். சமையலில் என் கை அவ்வளவு சுகமில்லை, தையல் சுமார்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அன்றைக்கு மலாயாவில் பேராக் மாநிலம் முழுக்கத் தேடியிருந்தாலும் என்னை மிஞ்ச ஆள் கிடைத்திருக்காது. எந்த மருந்தை எப்போது கொடுப்பது, வாய்க்கூட்டை எப்படிப் பழக்குவது, வண்டி மாறுகிற இடத்தில் எவ்வளவு நேரம் நடக்கவிடுவது எல்லாம் எனக்கு அத்துப்படி. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சொல்லும்போதே முகம் சுண்டிப்போகிறது.

ரப்பர் விலை ஏறிக் கிடந்த காலம் அது. பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் டிரெஸ்ஸராக இருந்தார். டாக்டர் எப்போதாவது காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரி இவர் பொறுப்பு. காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும், கால் புண்ணைக் கழுவிக் கட்டுவதும், சொறி பிடித்த பிள்ளைகளுக்குக் கந்தகம் பூசுவதும் இவர்தான். மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ஜனங்கள் குடியிருக்கும் லயம், இரண்டுக்கும் நடுவில் எங்கள் வீடு. நடுவில் இருக்கிறோம் என்பதில் எனக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. பங்களாவை அண்ணாந்து பார்ப்பேன், லயத்தைக் குனிந்து பார்ப்பேன். “அந்தப் புள்ளைங்களோட சேராத” என்று மகளிடம் சொல்லாத நாள் கிடையாது.

எங்களிடம் ஒரு பெட்டை நாய் இருந்தது. முன்பிருந்த டிரெஸ்ஸர் மாற்றலாகிப் போனபோது விட்டுவிட்டுப் போனது. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்து தொங்கும். அம்மி, உரலோடு சேர்த்து அதுவும் வீட்டுக்குப் பாத்தியப்பட்டது என்கிற மாதிரி எங்களிடம் வந்து சேர்ந்தது. அதற்கு ஒரு பேர் வைத்திருந்தோம். இதில் மனிதர்கள் பேரையே எழுதுவதில்லை என்று இருக்கிறேன், அதனால் அதன் பேரையும் விட்டுவிடுகிறேன். எங்களுக்கு அப்போது ஒரே மகள், அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வயது. அவளும் அந்த நாயும் எப்போதும் சேர்ந்தேதான் திரிவார்கள்.

அந்த வருடம் தீபாவளிக்கு என் அக்கா எங்களை பாகான் டத்தோவுக்குக் கூப்பிட்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் அங்கே ஒரு தென்னந்தோட்டத்தில் கண்டக்டர், ஆட்களை வேலை வாங்குகிற உத்தியோகம். கல்யாணம் ஆன பிறகு நானும் அக்காவும் சேர்ந்து ஒரு தீபாவளி கொண்டாடியதில்லை. நாயை விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் பேசினோம். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வெறிநாய் ஆட்களைக் கடித்துவிட்டது. கேட்பாரில்லாமல் திரிகிற நாய் எதுவானாலும் சுட்டுவிடச் சொல்லி எங்கள் துரை உத்தரவு போட்டுவிட்டார். நாங்கள் போய்த் திரும்புவதற்குள் நாய் உயிரோடு இருக்காது என்பது தெரிந்துபோயிற்று. அன்று சாயங்காலம் மகள் சோற்றைத் தொடவில்லை.

எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி ஒருவர் அந்தப் பக்கம் போய்வருவார். அவரிடம் சொல்லியனுப்பி அக்காவைக் கேட்டேன். அவள் சொன்ன பதிலை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார் அவர். “நாய்தானே, கூட்டிட்டு வரச் சொல்லு லா. ஆனா சொறி கிறி ஒண்ணும் இல்லாம சுத்தமா இருக்கணும். ஈப்போவிலேந்து எங்க நாத்தனா புள்ளைங்களோட வாரா. அவ வாயில விழுந்து எந்திரிக்க என்னால முடியாது.”

அந்த நாத்தனாரை நான் ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஈப்போவில் கவர்ன்மெண்டு ஆபீசில் வேலை. அவள் பேச்சில் பாதி வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பற்றி இருக்கும், மீதி எலக்ட்ரிக் விளக்கைப் பற்றி இருக்கும். தோட்டத்து ஆட்கள் என்றால் மூக்கைச் சுளிப்பாள். எனக்கு வீம்பு வந்துவிட்டது. எங்கள் நாயைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது.

முதல் வேலையாக நாயைக் கட்டிப்போட்டோம். அது லயத்துப் பக்கம் சுற்றுகிறது, எது ஒட்டினாலும் அங்கேயிருந்துதான் ஒட்டும் என்பது என் கணக்கு. தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, கார்பாலிக் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். காதுக்குள்ளும் கால் விரல்களுக்கு நடுவிலும் உண்ணி தேடி எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றி வைத்த பால் டின்னில் போட்டேன். பூச்சி மருந்து கொடுத்து அன்றைக்கு வெறும் கஞ்சியோடு நிறுத்தினோம். பிறகு தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கந்தகத் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, மூக்கு தொடங்கி வால் நுனி வரைக்கும் பூசுவார். நாய்க்குச் சொறி இருந்ததால் அல்ல. வந்துவிடக் கூடாதே என்பதற்காக. வீடே கந்தக நாற்றம்.

வாய்க்கூடு இல்லாமல் ரயிலில் ஏற்றமாட்டோம் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். பிரம்பில் ஒன்று முடையச் சொன்னோம். முதல் தடவை மாட்டியபோது நாய் மண்ணில் புரண்டு, முன்னங்காலால் பிடுங்கி எறிந்துவிட்டது. அப்புறம் வலுக்கட்டாயம் செய்யாமல், கூட்டுக்குள்ளே சுட்ட கருவாட்டுத் துண்டை வைத்து, தானாக மூக்கை நுழைக்கும் வரை விட்டுப் பழக்கினேன். மாட்டு வண்டியில் ஏற்றி பீடோர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், ரயில் கூவுவதைக் கேட்கவைத்து, தட்டிக் கொடுத்துத் திரும்பக் கூட்டிவந்தோம். வண்டி லயத்தைத் தாண்டும்போது பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “டிரெஸ்ஸரம்மா நாய்க்கு நலுங்கு வைக்கிறாங்க” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று தலையை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன்.

இத்தனைக்கும் நடுவில் மகள் கையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மழைக்காலம், கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். “கைய எடு. பொம்பளப் புள்ள, என்னேரமும் சொறிஞ்சுக்கிட்டு நிக்கிற” என்று புறங்கையில் ஒன்று வைப்பேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஒருநாள் அப்பாவிடம் எதையோ காட்டப் போனாள். அவர் நாயின் வயிற்றுக்கடியில் பூசிக்கொண்டிருந்தார். “அப்பாவ தொந்தரவு பண்ணாத” என்று நான்தான் இழுத்து வந்தேன். அவளை நானே குளிப்பாட்டியும் நாளாகியிருந்தது. “பெரிய புள்ளதானே, நீயே ஊத்திக்க” என்று தொட்டியடியில் விட்டுவிட்டு, இந்தப் பக்கம் நாயைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சொறி லயத்துப் பிள்ளைகளுக்கு வருகிற வியாதி. டிரெஸ்ஸர் வீட்டுப் பிள்ளைக்கு எப்படி வரும்? இப்படி யோசித்து முடிவு கட்டினேன் என்றுகூட இல்லை. யோசிக்கவே தோன்றவில்லை. அவ்வளவுதான் என் புத்தி.

புறப்படுகிற அன்று காலையில் நாய்க்குச் சோறு போடவில்லை. வயிறு காலியாக இருந்தால் வாந்தி எடுக்காது. ரயிலில் அதைக் கடைசியில் கார்டு இருக்கும் பெட்டியில்தான் ஏற்றவிட்டார்கள். பழக்கம் விடாமல் இருக்கட்டும் என்று என் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கீழே விரித்தேன். தாப்பா ரோடு ஸ்டேஷனில் வண்டி மாறினோம். அங்கே இறக்கிப் புல்லில் கொஞ்சம் நடக்கவிட்டு, வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவந்த காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொடுத்தேன். மகள் ஸ்டேஷன் குழாயில் வாயை வைத்துக் குடித்தாள். அதையும் பார்த்தேன். அப்போது அது எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

தெலுக் அன்சனிலிருந்து ஆற்றில் மோட்டார் படகு. வெயில் சுட்டது. சாக்கை நனைத்து நாயின்மேல் போட்டேன், நிழல் நகர நகர அதையும் நகர்த்திக் கட்டினேன். மகள் வழி முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். படகில் இருந்த ஒரு அம்மாள், “எவ்ளோ பாசம் பாரு” என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

துறையில் அத்தான் வந்து நின்றிருந்தார். அக்கா வீட்டுக்காரரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். “என்ன சகல, நாய மாப்பிள்ள மாதிரி அழைச்சிட்டு வாரீங்க” என்று என் வீட்டுக்காரரின் முதுகில் தட்டினார். வீட்டு வாசலில் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பின்னால் ஈப்போ நாத்தனார், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி, நாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். காதைத் திருப்பிப் பார்த்தாள். “ம், பரவாயில்ல” என்றாள். அந்த ஒரு வார்த்தை எனக்குக் கழுத்தில் சங்கிலி போட்ட மாதிரி இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் அந்தச் சங்கிலி அறுந்தது. ஈப்போக்காரியின் பையன் கையிலும் காலிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. அங்கே கடலோரச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி உண்டு, சாயங்காலமானால் பிடுங்கி எடுத்துவிடும். எங்கள் நாயும் அதன் தொல்லை தாங்காமல் காலைத் தூக்கி உடம்பைச் சொறிந்தது. ஈப்போக்காரி நேரே அண்ணனிடம் போய் நின்றாள்.

“அண்ணே, இந்த நாய்க்குச் சொறி. எம்புள்ளைக்கு ஒட்டிக்கிச்சு. இத இங்க வெச்சிருந்தா நான் நாளைக்கு முத படகுல கெளம்பிடுவேன்.”

“இல்லம்மா, இது பூச்சிக்கடி” என்றார் என் வீட்டுக்காரர். “நாய நான் தெனம் பாக்குறேன். சுத்தமா இருக்கு.”

“நீங்க வேற எப்படிச் சொல்லுவீங்க? உங்க நாயாச்சே.”

அத்தானுக்குத் தர்மசங்கடம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூடப்பிறந்தவள் நல்ல நாளில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனால் எந்த அண்ணனுக்குத்தான் பொறுக்கும்? என் வீட்டுக்காரரைத் தென்னை மரத்துப் பக்கம் கூட்டிப்போனார். “சகல, மனசுல வெச்சுக்காதீங்க. ஜாகாகிட்ட சொல்லிட்டேன். காலையில வந்து கூட்டிட்டுப் போயிடுவான்” என்றார். ஜாகா என்றால் தோட்டத்துக் காவல்காரன். தேங்காயைக் குடைகிற அணில்களைச் சுடுவதற்கு அவனிடம் துப்பாக்கி உண்டு. நாயை எங்கே கூட்டிப்போவான் என்று நாங்கள் கேட்கவில்லை, அத்தானும் சொல்லவில்லை. அக்கா முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மகள் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்ததே தவிர வழி ஒன்றும் தோன்றவில்லை. பிறத்தியார் வீடு. எந்த வாயைக் கொண்டு சண்டை போடுவது?

மறுநாள் விடியும் முன்பே அக்கா பிள்ளைகளை எழுப்பிவிட்டாள். கிணற்றடியில் காஸ் விளக்கு எரிந்தது. பலகைகள் வரிசையாகப் போட்டு அக்காவின் பையன், ஈப்போப் பையன், அவன் தங்கை, கடைசியில் என் மகள். ஒரே கிண்ணத்து நல்லெண்ணெய், ஒரே சீயக்காய். தீபாவளியன்று ஒரு வீட்டில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் ஒரே எண்ணெயில் தலை முழுக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அக்கா முதல் பிள்ளையின் உச்சியில் எண்ணெயை வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

என் மகள் கவுனைக் கழற்ற மாட்டேன் என்று இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலைவழியாக உருவினேன். விளக்கு நேரே அவள்மேல் அடித்தது.

விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி. சொறிந்து சொறிந்து புண்ணாகி, சில இடத்தில் சீழ் கட்டியிருந்தது. எந்தக் கொசு இப்படித் தேடித் தேடி இடுக்கில் கடிக்கும்? டிரெஸ்ஸர் பெண்டாட்டிக்கு இது என்ன என்று ஒருத்தர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அக்கா இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை. கவுனைத் திரும்ப மாட்டி, புள்ளைக்குச் சளி, தலைக்கு ஊற்ற வேண்டாம் என்று உள்ளே கூட்டிப் போயிருக்கலாம். ஈப்போக்காரி முன்னால் மானம் போகாமல் இருந்திருக்கும். கவுனை மாட்டுவதற்காகக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போதுதான் வாசலில் ஜாகா வந்து குரல் கொடுத்தான். மகள் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

“அக்கா, நில்லு. அந்தக் கிண்ணத்த இங்க கொண்டாராத” என்றேன். “சொறி நாய்க்கு இல்ல. எம்புள்ளைக்கு.”

ஈப்போக்காரி தன் பிள்ளைகள் இரண்டையும் பலகையிலிருந்து இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். “நான் சொல்லல? நாயக் கட்டிப் புடிச்சிக்கிட்டே திரிஞ்சிச்சு. அதுகிட்டேந்து ஒட்டிக்கிச்சு. இப்ப என்ன சொல்றீங்க?” நான் வாயைத் திறந்ததில் நாய்க்கு இருந்த கொஞ்ச வழியும் அடைபட்டுப் போனது.

என் வீட்டுக்காரர் துண்டோடு ஓடிவந்தார். பிள்ளையின் கையை விளக்கில் பிடித்துப் பார்த்தார். போய் நாயை அவிழ்த்துக்கொண்டு வந்து, விளக்கடியில் நிறுத்தி, முடியைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார். “பாருங்க. எங்கயாவது ஒரு பொட்டு இருக்கா?”

அத்தான் குனிந்து பார்த்தார். “இல்லதான். அப்ப புள்ளைக்கு எப்படி வந்துச்சு சகல?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

உடம்பில் துணியில்லாமல், குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற பிள்ளைதான் பதில் சொன்னாள். “அது குடுக்கல. ஆயாக் கொட்டகையில பாப்பாவ தூக்கி வெச்சிக்கிட்டேன்ல, அப்பவே வந்திருச்சு. ரொம்ப நாளா அரிக்குது.” பால் வெட்டப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற கொட்டகை அது, லயத்து ஓரத்தில் இருந்தது. நான் போகக் கூடாது என்று சொன்ன இடம். அதைச் சொன்னதற்கு அடி விழும் என்று நினைத்தாளோ என்னவோ, என்னைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு மீதியைச் சொன்னாள். “அப்பா அதுக்கு மருந்து பூசினப்புறம் நான் போயி அது முதுகுல கைய தேச்சிக்குவேன். அப்ப கொஞ்சம் கொறையும்.”

அத்தான் வாசலுக்குப் போய், “நீ போயி ஒன் வேலையப் பாரு” என்று ஜாகாவை அனுப்பிவைத்தார்.

என் வீட்டுக்காரர் உள்ளே போய், நாய்க்கென்று எடுத்து வந்திருந்த கந்தக எண்ணெயைக் கொண்டுவந்தார். பிள்ளையை வெந்நீரில் கழுவித் துடைத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, விரல் விரலாகப் பூசினார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பூசிய கைதான். அவர் கண்ணில் நீர் வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் போய் நிற்கக்கூட யோக்கியதை இல்லாதவள் போலக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்கென்று தைத்த பட்டுப் பாவாடையைக் கட்டவில்லை. எண்ணெய் ஒட்டும் என்று பழைய கவுனோடு, மற்றப் பிள்ளைகளைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பலகாரம் தின்றாள். நாய் பக்கத்தில் இருந்தது, அவளுக்கு அது போதும். அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் படுத்த பாய், போர்வை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய், நல்ல நாள் அதுவுமாக, கொப்பரையில் போட்டு அவித்தாள். ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மறுநாளே நாங்கள் புறப்பட்டுவிட்டோம். அதற்குப் பிறகு எத்தனையோ தீபாவளிக்கு அக்கா கூப்பிட்டாள். ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமலே இருந்துவிட்டேன்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் அந்தப் பாப்பாவை விசாரித்தேன். அதற்கு எப்போதோ ஆறிவிட்டதாம். அதன் அம்மா வெளுக்கும் முன்னால் பால் வெட்டப் போகிறவள், பாலை எடுத்து ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்று, பூசவேண்டிய நாளெல்லாம் பூசி முடித்திருக்கிறாள். “தவறவே மாட்டா” என்றார் என் வீட்டுக்காரர். அதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை.

மகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் இந்தக் கதையை எடுத்துவிட்டுச் சிரிக்கவைப்பாள். “எங்கம்மா ரொம்ப நல்லா பாத்துக்குவாங்க லா. நான்தான் நாயா பொறக்காம போயிட்டேன்” என்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளுக்கு என்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.